எலுமிச்சம்பழமும் பந்தயக் காரும்

நாளை சோழவரத்தில் பந்தயம். இன்று காலை கோயில் வாசலில் காருக்குப் பூஜை போட்டோம்.

நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமியது. குருக்கள் கற்பூரத்தட்டோடு, "சித்த சத்தத்தைக் குறையுங்கோ, மந்திரம் எனக்கே கேக்கலை" என்றார்.

எஞ்சினைப் பந்தயத்துக்காக மாற்றிக் கட்டியவன் என் மைத்துனன். "மாமா, ஐடில் ஸ்க்ரூவுல கை வெக்காத! இது வேகத்துக்குக் கட்ன எஞ்சினு, கொறச்சா நின்னுபூடும்" என்று கத்தினான்.

சாமி காரியமாயிற்றே என்று, நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் அந்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

மந்திரம் தெளிவாகக் கேட்டது. எஞ்சின்தான் நின்றுவிட்டது. மறுபடி பிடிக்கவே இல்லை.

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியாக வேண்டுமே! குருக்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு தள்ளினார். பழம் நசுங்கிய பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வந்தது.

மூச்சு வாங்க, "நாளைக்கு நானும் வரணுமா?" என்றார்.

அவருக்கு முன் சீட் கொடுத்தாயிற்று. தள்ள இன்னும் யார் வருகிறீர்கள்?