சிபானாவை எழுப்பும் விளக்கு

நிந்தவூரில் கோழிக்குஞ்சு வேண்டுமென்றால் நபீலாவிடம்தான் போவார்கள். மின்குமிழின் சூட்டில் முட்டை பொரிக்கிற பெட்டியைத் தானே செய்து, குஞ்சு விற்கிறவர். கணவர் மக்கீன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். நபீலாவுக்கு முன்கோபம். யாராவது விலை குறைத்துக் கேட்டால் பெட்டியையே மூடிவிடுவார். ஊர் அவரைத் தலைக்கனம் பிடித்தவள் என்றது. அந்தப் பெண் பயத்தில் செத்துக்கொண்டிருந்தது ஊருக்குத் தெரியாது.

மூத்த மகள் றிப்னா, பரீட்சைக்குப் படிக்க விடியற்காலையில் எழும்புவதற்கு அலாரம் வைத்துப் படுத்தாள். அது அலறியது. அவள் எழும்பவில்லை, உயிர் போயிருந்தது. அல்லாஹ்வின் நாட்டம் என்று அடக்கிவிட்டு வந்தார்கள். பிறகொரு நாள் டெலிபோன் மணிக்குத் திடுக்கிட்டு விழித்த இளையவள் சிபானாவும் மயங்கிப் போனபோதுதான் கொழும்பு டாக்டர் விஷயத்தை விளக்கினார். குடும்பத்தில் வருகிற இதயக் கோளாறு. தூக்கத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்புத் தடுமாறும், நின்றும் போகலாம். குளிசை தந்தார், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து மகளுக்கு அலாரம் நபீலாதான். விடியலில் பள்ளிவாசலில் சொல்கிற சுபஹுப் பாங்குக்கு முன்பே எழும்பி, காலைத் தடவித் தடவி அவளை விழிக்கச் செய்வார். நோயைப் பற்றி எவரிடமும் மூச்சுவிடவில்லை. குமர்ப்பிள்ளை, கதை வெளியே போனால் மாப்பிள்ளை வராது. ஊர் வாய் அப்படி. நபீலாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு சிபானாவுக்குப் பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது.

"போக ஏலா மகள். அங்க ஹொஸ்டல்ல ஆரு உன்ட காலத் தடவுற?"

"அப்ப அதுக்கு ஒரு சாமானச் செய்ங்க உம்மா. முட்டைக்குச் செஞ்ச நீங்கதானே."

நபீலா, பெட்டியில் குறித்த நேரத்துக்குத் தானாக முட்டை புரட்டுகிற மெதுவான மோட்டரைக் கழற்றி, மின்விசிறி ரெகுலேட்டரின் திருகில் பூட்டினார். மோட்டர் சுற்றச் சுற்ற, தலைமாட்டு பல்ப் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக வேண்டும். முதல் ரெகுலேட்டர் படிக்குப் படி தாவியது. சட்டென்று பாய்ந்த வெளிச்சத்தைக் கண்டு நபீலா பதறி வயரைப் பிடுங்கினார். அடுத்ததில் மோட்டர் கறகறத்தது. துணி சுற்றினார், துணி கருகியது. கம்பஸ் தொடங்கும் நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. "யா அல்லாஹ், ஒருத்தியத் தந்திட்டன், இவளையும் கேக்காத" என்று தொழுகைப் பாயிலேயே கிடந்து அழுதார்.

நோன்பு வந்தது. மோட்டரும் ஒருவழியாகச் சத்தமில்லாமல் சுற்றியது. நோன்பு பிடிக்க விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரத்துக்குச் சோதனையை வைத்தார். விளக்கு மட்டும்தான் மகளை எழுப்ப வேண்டும் என்று ஜன்னலுக்குத் தடித்த சீலை கட்டினார். சமைக்கிற குசினி லைட்டையும் போடவில்லை. கட்டிலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பல்ப் சிவந்து, மஞ்சளாகியது. அவள் அசையவில்லை.

நோன்பு காலத்தில் இருட்டிக் கிடக்கிற வீட்டைக் கண்டால் எங்களூரில் எவருக்கும் கை சும்மா இராது. ஸஹர் உணவு தவறிப் பட்டினியோடு நோன்பு பிடிப்பார்களே என்று தட்டி எழுப்புவது நன்மை. பக்கத்து வீட்டு றுகையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எந்நாளும் முதலில் வெளிச்சம் தெரிகிற குசினி இருட்டாக இருந்தது. பாவம், ஓடி வந்து விறகுக் கட்டையால் தகரக் கேற்றில் விளாசினார்.

"நபீலா, ஸஹர் முடியப் போகுதுகா. எழும்புங்க."

நபீலா மகளின் மேல் விழுந்து காதுகளைப் பொத்தினார். பொத்தி என்ன பயன், சத்தம் உள்ளே போய்விட்டது. அவளைப் புரட்டிப் போட்டு, இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். றிப்னாவை அடக்கியதுபோல இவளையும் அடக்கப் போகிறோம் என்றே நினைத்தார்.

"உம்மா, நோகுது. விடுங்க."

நபீலாவின் கை நின்றது.

"நான் அப்பவே முழிச்சிட்டன். வெளிச்சம் சுவர்ல ஏறி வாறதப் பாத்துக்கிட்டுக் கிடந்தன். முழிச்சிருந்ததால சத்தம் ஒண்டும் செய்யல்ல."

கேற்றடியில் றுகையா இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். நபீலா எழுந்து போய், "முழிச்சிட்டம் ராத்தா" என்று சொல்லிவிட்டு வந்தார். மகள் கட்டிலில் சிரித்தபடி இருந்தாள்.

"உங்கட சாமான் வேல செய்யுது உம்மா. இனிப் போகலாந்தானே?"

நபீலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. மகளின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, றிப்னா மௌத்தான அன்றுகூட அழாத அழுகை அழுதார்.

"ஓம் மகள், போகலாம். உன்ன மறிக்க இனி என்னட்ட ஒண்டுமில்ல."