மருமகள் கொண்டுவந்த எண்ணெய்க் கிண்ணம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவர் பயணம் புறப்பட்ட அன்று மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் வழக்கம் அது. என் மகன் ரங்கூனுக்குக் கப்பலேறிய பிறகு ஒரு சேதியும் இல்லை. அவனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில், அவன் திரும்பும்வரை எண்ணெயே தொடுவதில்லை என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூச்சம். கண் எரிந்தது, தூக்கம் போயிற்று, உழவு மாட்டிடம்கூட எரிந்து விழுந்தேன்.

ஒரு சனிக்கிழமை மருமகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"போன அன்னைக்கு ஒரு நாளுதான் மாமா ஆகாது. நான் வெள்ளிக்கு வெள்ளி முழுகிக்கிட்டுத்தானே இருக்கேன்? இப்ப ஒங்க மகனைவிட ஒங்களை நெனச்சாத்தான் பயமா இருக்கு. தேச்சுக்கங்க."

சூடான நல்லெண்ணெய் உச்சியில் இறங்கியதும் கண்ணீர் தானாக வந்தது. சீயக்காய் எரிகிறது என்று சமாளித்தேன்.

"சீயக்காயை இன்னும் கரைக்கவே இல்லையே மாமா!"

குளித்துவிட்டு மிளகு ரசம் சாப்பிட்டேன். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாதுதான், தூங்கிவிட்டேன். அவளும் எழுப்பவில்லை.

மகன் அடுத்த தையில்தான் வந்து சேர்ந்தான். எனக்கோ அந்தச் சனிக்கிழமையே உயிர் வந்துவிட்டது.

பிரமாதி வருஷம், மாசி 5.