முதலாளியின் அம்மா

முகம் தெரியாத வெளிநாட்டுக்காரரை மூன்றே வரி அனுப்பிப் பதில் எழுத வைப்பதில் ரூபிகாவை அடிக்க ஹட்டனில் ஆளில்லை. ஹட்டனில் அந்த வேலையைச் செய்வதே அவள் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடை. கீழே கல்லாவில் சிவகாமசுந்தரி அம்மாள் உட்கார்ந்திருப்பார். மேல்மாடியில் அவருடைய மகன் கோகுலராஜின் தேயிலைக் கம்பனி. கம்பனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு மேசை, ஒரு மடிக்கணினி, ரூபிகா. வெளிநாட்டுக் காப்பிக் கடைகளுக்குத் தேயிலை விற்க வேண்டும். அதற்கு லிங்க்ட்இன் என்ற இணையத் தளத்தில் ஆள் பிடிக்க வேண்டும். பக்கம் கோகுலராஜின் பெயரில், கோட்டுப் போட்ட படத்துடன் இருந்தது. அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை.

முதல் மாதம் ரூபிகாவும் எல்லாரையும் போலத்தான் எழுதினாள். 'மதிப்புக்குரிய ஐயா, தரமான தேயிலை, நியாயமான விலை' என்று இருநூறு பேருக்கு அனுப்பினாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள், கோகுலராஜுக்கு வந்து குவிந்திருந்த அந்நியர்களின் செய்திகளைத் திறந்து, தான் எந்த இடத்தில் அலுத்துப்போய் மூடுகிறோம் என்று பார்த்தாள். எல்லாவற்றையும் முதல் வரியிலேயே மூடினாள். தன்னைப் பற்றியே பேசுகிறவனை யார் வாசிப்பார்கள்? அன்றிலிருந்து, அனுப்பும் முன் அந்த ஆளின் பக்கத்தை முழுதாக வாசித்தாள். அவரைப் பற்றி ஒரு வரி. ஒரே மூச்சில் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வி ஒன்று. விற்பனைப் பேச்சே கிடையாது. பதில்கள் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கின.

அவள் செய்த தப்பு ஒரு மழை நாளில் நடந்தது. அவளுடைய அம்மா காளியாயி வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். முந்தின நாள் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதென்று நிறுவையில் இரண்டு கிலோ கழித்துவிட்டார்கள். முழங்கால் வீங்கிப்போய் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவளைப் பார்த்த ஆத்திரம் ரூபிகாவுக்கு விடிந்தும் ஆறவில்லை. அந்த ஆத்திரத்திலேயே எழுதினாள்: 'இங்கே மழை. நனைந்துகொண்டே என் அம்மா பறித்த கொழுந்தில், மழைக்கென்று இரண்டு கிலோவைக் கழித்துக்கொண்டார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் தேநீரில் எதைப் பற்றிக் கேட்பார்கள்?' பன்னிரண்டு பேருக்கு அனுப்பிய பிறகுதான், அது யாருடைய பெயரில் போயிருக்கிறது என்பது உறைத்தது.

மாலைக்குள் ஒன்பது பதில்கள். கோகுலராஜ் திட்டுவார் என்று பயந்து நின்றவளிடம் அவர், "இதையே எல்லாருக்கும் அனுப்பு புள்ள" என்றார். அன்று முதல், தேயிலைச் செடியைக் கார் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்த சிவகாமசுந்தரி அம்மாள், அறுநூறு வெளிநாட்டுக்காரர்களின் மனதில் முப்பது வருடம் கொழுந்து பறித்தார்.

ரூபிகாவுக்குத் தன் அம்மாவைத் தானே தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. விட்டுப் போகவும் வழியில்லை. அவள் வேலை கேட்ட கொழும்புக் கம்பனி ஒன்று, அவள் எழுதிய செய்திகளைக் காட்டச் சொன்னது. எல்லாம் கோகுலராஜின் பெயரில் இருந்தன. அவளுடைய சொந்தப் பக்கத்தில் பதினொரு பேர், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். வேலை செய்ததற்கு முதலாளியிடமிருந்து கடிதமாவது கொண்டுவா என்றார்கள். "பெரிய ஓடர் ஒன்னு வரட்டும், தர்றேன்" என்றார் கோகுலராஜ். அந்தக் கடிதம் ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஒரே கதவு.

பெரிய ஓடர் வந்தது, காலோடு. அன்யா என்ற ஜெர்மன்காரி, நாற்பது கடைகளுக்குத் தேயிலை வாங்குபவள், நுவரெலியாவுக்கு வருகிறாளாம். அப்படியே ஹட்டனுக்கும் வந்து கோகுலராஜின் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம்.

"ஒங்கம்மாவ ஒரு நாளைக்கு வரச் சொல்லு" என்றார் கோகுலராஜ்.

"ஒங்க அம்மா இருக்காங்களே சார்?"

"அவங்க கையப் பாத்தா கொழுந்து பறிச்ச கையாட்டமா இருக்கு?"

ரூபிகா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள். காளியாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தக் கடிதாசி குடுத்துருவாராம்மா?"

சிவகாமசுந்தரி அம்மாள் அன்று கோயிலுக்கு அனுப்பப்பட்டார். காளியாயி திருவிழாச் சேலையில் மேல்மாடியில் உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். ரூபிகா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். எல்லாம் ஒழுங்காகப் போனது, கோகுலராஜ் உள்ளே வரும்வரை. அவரைக் கண்டதும் காளியாயி சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். முப்பது வருடம் தோட்டத்துத் துரையையும் கணக்கப்பிள்ளையையும் கண்டு எழுந்த உடம்பு, அது யார் சொல்லையும் கேட்காது. மகனைக் கண்டு ஏன் அம்மா எழுகிறார் என்று அன்யா ஆச்சரியப்பட்டாள். அது எங்கள் பண்பாடு என்றார் கோகுலராஜ், கூசாமல்.

மொழிபெயர்க்கும் இந்தப் பெண்ணின் முகத்தில் உங்கள் அம்மாவின் சாயல் இருக்கிறதே என்றாள் அன்யா. தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவர் சிரித்தார்.

பிள்ளையை எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று அன்யா கேட்டாள். காளியாயி பயந்து பயந்து ஆரம்பித்துப் பிறகு தன்னை மறந்தாள். நானுஓயா வரைக்கும் நடந்துபோய் நகை அடகு வைத்தது, டியூசன் முடிகிறவரை வாசலில் குடையோடு நின்றது, கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்க ஒரு வருடம் இரட்டை வேலை பார்த்தது. எல்லாம் ரூபிகாவுக்குச் செய்தவை. ரூபிகா ஒவ்வொன்றையும் 'என் மகனுக்கு' என்று ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருந்தாள். அன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்கன்னு கேக்குறாங்கம்மா."

காளியாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோகுலராஜைப் பார்த்தாள்.

"ஒன்னுதான். இந்த மகன் மட்டுந்தான்னு சொல்லு. பொம்பளப் புள்ள கெடையாது."

அன்யாவுக்குத் தமிழ் தெரியாது. காளியாயி உண்மையைச் சொல்லியிருந்தாலும் ரூபிகாவே மாற்றியிருப்பாள். அது அம்மாவுக்குத் தோன்றவில்லை. மகளின் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்பது மட்டுமே அவளுக்குத் தெரிந்திருந்தது. ரூபிகா மொழிபெயர்த்தாள். அன்யா அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இந்தக் கதையை ஒவ்வொரு தேயிலைப் பெட்டியிலும் அச்சடிக்கப் போகிறேன் என்றாள்.

அவள் போனதும் ரூபிகா கடிதத்தைக் கேட்டாள். கோகுலராஜுக்கு ஒரே சந்தோஷம்.

"கடிதமா? நீ போயிட்டா இந்தக் கதைய யாரு புள்ள எழுதுறது? அம்மாவும் அடிக்கடி வரவேண்டியிருக்கும்."

பஸ்ஸில் காளியாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் எதும் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்ன."

மறுநாள் காலை ரூபிகா மடிக்கணினியைத் திறந்தாள். எந்த வரிக்குப் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தொழில் அவளுக்கு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. 'கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு நான் ஒரே மகன்' என்று எழுதி, நாற்பது பேருக்கு அனுப்பினாள். மதியத்துக்குள் பதினேழு பேர் பதில் எழுதினார்கள்.