சாயங்கால வண்டிக்கு ஆள் மாற்றியது

மேலதிகாரியாவது பெரிய வித்தை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது வந்தது ஒரு தீபாவளி முடிந்த வாரத்தில். பஸ் முதலாளி கூப்பிட்டு, இனி டிரைவர், கண்டக்டர்களுக்கு டூட்டி போடுவது நீதான் என்றார், அவ்வளவுதான். அதுவரை அவரிடம் கண்டக்டராக இருந்தவன் நான். மறுநாள் டீக்கடைக்குள் நுழைந்ததும் கூட்டாளிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

புதுக்கோட்டையிலிருந்து ஜெகதாப்பட்டினம் போகும் சாயங்கால வண்டியை ஓட்டியவர் எங்களில் மூத்த டிரைவர். வீடு ஜெகதாப்பட்டினத்திலேயே. ராத்திரி வண்டி அங்கே நிற்கும். அவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் படுப்பார். அவருக்கு மாலைக்கண். இருட்டினால் ரோடு சரியாகத் தெரியாது. முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். கூடப் போகிற கண்டக்டர் முன்னால் நின்று, அண்ணே மாடு, அண்ணே அங்கிட்டு வண்டி என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சிநேகம்.

நான் பொறுப்பேற்ற மாதமே, புதுக் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கத் திரும்பிய நேரத்தில், ஆலங்குடி தாண்டி அவர் ஓட்டிய பஸ் ஒரு கட்டைவண்டியை உரசிவிட்டது. வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த சிறுமி பயந்து அழுததோடு போயிற்று.

முதலாளி காதுக்குப் போனால் டிரைவர் வேலை போய்விடும். மூடி வைத்தால் யார் வீட்டு உயிரோ போகும். இரண்டு நாள் டூட்டி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பிறகு அவரைக் காலை வண்டிக்கு மாற்றினேன். காலை வண்டி புதுக்கோட்டையிலிருந்து கிளம்புவது, அதனால் ராத்திரித் தங்கல் அங்கே ஷெட்டில்தான். பிள்ளைகளோடு சாப்பாடெல்லாம் லீவு நாளில் மட்டும். டூட்டிப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் வயிற்றில் அடிக்கிற செய்தியை நம் வாயால்தான் சொல்ல வேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் அப்புறம் எவன் நம்மை நம்புவான்? புதிதாக ஆபீசராகிற பையன்கள் கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

ஷெட்டுக்குப் போய் நேரிலேயே சொன்னேன். கட்டைவண்டியையும் சொன்னேன், முதலாளிக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"ஒனக்குப் பதவி வந்ததும் எனக்குக் கண்ணு போயிருச்சாக்கும்" என்றார்.

பஸ் கண்ணாடி துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார்.

"நான் ஓட்டுற வண்டியில ஒம் பிள்ளைகளை ஏத்துவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"பகல்ல ஏத்துவேண்ணே."

அந்த ரோட்டில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பது அவருக்கு மனப்பாடம். இருந்தும், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"காலை வண்டி எத்தன மணிக்குங்க?"