எடுக்கக் கூடாத மணி

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அக்கா அவருடைய கைப்பேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இத எப்படி எடுத்துப் பேசறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மலேசியாவில் ஜாசின் பக்கத்தில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். அது பட்டன் வைத்த பழைய கைப்பேசி. அவர் உயிரோடு இருந்தவரை அக்கா அதைத் தொட்டதில்லை, தூசி தட்டக்கூட எடுத்ததில்லை. மோட்டார் சைக்கிள் மாதிரி அது அவருடைய சாமான் என்று விட்டுவிட்டாள்.

நான் சொல்லிக்கொடுக்கத் தகுந்த ஆள் இல்லை. தமிழ்ப்பள்ளி முடித்து, அடுத்து வருகிற புகுமுக வகுப்போடு படிப்பை விட்டவள். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை. போதாததற்குப் பயந்தாங்கொள்ளி வேறு. கேஸ் அடுப்பை அடைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். கைப்பேசி என்றால் இன்னும் பயம். என்னோடு வேலை செய்த ஒரு பெண், போலீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டவனிடம் ஐசி என்கிற அடையாள அட்டை நம்பரையும், குறுஞ்செய்தியில் வந்த எண்ணையும் சொல்லிவிட்டுச் சேமிப்பையெல்லாம் இழந்தாள். அவள் கழிவறையில் உட்கார்ந்து அழுததை வாளியும் கையுமாக நின்று பார்த்தவள் நான். அன்றிலிருந்து தெரியாத எண் வந்தால் என் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் போட்டுவிடுவேன்.

ஆனால் அக்காவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவள் மகனுக்காகக் கேட்டாள்.

தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு மணி மட்டும் அடித்துவிட்டு வைத்துவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். ப்ரீபெய்ட் காசு போகாது, செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். அக்கா மகன் முதன்முதலில் வேலைக்குப் போன காலத்தில், கம்பெனி வாசலில் மோட்டாரை நிறுத்தியதும் அப்பாவுக்கு ஒரு மணி அடிப்பான். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். மாமா எடுக்க மாட்டார். எடுத்தால் காசு போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால், குடித்துவிட்டு வந்தான் என்று மாமா அவனைக் கடை வாசலில், நாலு பேர் பார்க்க, அறைந்துவிட்டார். அவன் அழவில்லை. "இனிமே என் குரல நீங்க கேக்க மாட்டீங்க" என்று மட்டும் சொன்னான். மறுவாரம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சொன்னபடியே குரலைக் காட்டவில்லை. ஆனால் மணி மட்டும் வரும். மாதத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. எண் மாறி மாறி வரும். ஒரு மணி அடித்து நின்றுவிடும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மாமா கையை நிறுத்திவிட்டு அந்தக் கைப்பேசியைப் பார்ப்பார். நின்ற பிறகு, "இருக்கான்" என்பார். மறுபடி சோற்றைப் பிசைவார்.

"எடுத்து ஒரு வார்த்த பேசினா என்ன கொறஞ்சி போவுது?" என்று அக்கா கேட்பாள்.

"அவன்தான குரல் கேக்காதுன்னான். கேக்க வேணாம். மணி அடிக்கறான்ல, போதும் லா."

இப்படியே வருடங்கள் போயின. மாமா செம்பனைக் காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக மணி வந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தோம், அடைத்துக் கிடந்தது. அவனோடு சிங்கப்பூர் போன கூட்டாளியைக் கேட்டோம். "அவன் வேற எடத்துக்கு மாறிட்டான் சின்னம்மா, எனக்கே நம்பர் தெரியாது" என்றான். ஒற்றை மகன் இருந்தும் மாமாவின் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். அக்கா அதைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா போனது தெரியாமலே அவன் அடுத்த மணியை அடிப்பான். அதை எடுக்க வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. "அப்பா இல்லன்னு சொல்லணும். தலைத் திவசத்துக்காவது அவன் கையால எள்ளும் தண்ணியும் எறைக்கணும்" என்றாள்.

"ஒரு மணிதானேக்கா அடிப்பான்."

"அதுக்குள்ள எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்தாள். பச்சை எடுக்க, சிவப்பு வைக்க என்றேன். மணி அடித்தால் பதறிப்போய் இரண்டையும் சேர்த்து அமுக்கினாள். நான் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று என் கைப்பேசியிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு வைப்பேன். அவள் உள்ளே எங்கேயாவது வேலையாக இருப்பாள், ஓடிப்போய் எடுக்க வேண்டும். எடுக்கவே முடியவில்லை. "போச்சு!" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.

பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா லா இது, ரெண்டு கெழவியும் கண்ணாமூச்சி ஆடறீங்க?"

"இவ மணி அடிக்கறா, நான் புடிக்கணும்" என்றாள் அக்கா.

"எலிய புடிக்கற மாதிரியா?"

அக்கா சிரித்தாள். மாமா போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் பயம் அதோடு நிற்கவில்லை. ஐசி நம்பரைக் கேட்டால் சொல்லாதே. குறுஞ்செய்தியில் வருகிற எண்ணை யாருக்கும் படித்துக் காட்டாதே. போலீஸ், கோர்ட், பார்சல் என்று எவன் பேசினாலும் வைத்துவிடு. வீட்டில் தனியாக இருப்பதைச் சொல்லாதே. தவறிப்போன அழைப்புக்குத் திருப்பி அடிக்காதே, அதுவும் வெளிநாட்டு எண் என்றால் காசையெல்லாம் உறிஞ்சிவிடும். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தலையாட்டினாள்.

"தெரியாத நம்பர எடுக்கவே எடுக்காத. ஆறு அஞ்சுன்னு ஆரம்பிச்சா மட்டும் எடு, அது சிங்கப்பூர்" என்றேன்.

"நான் அதப் படிச்சி முடிக்கறதுக்குள்ள அவன் வச்சிடுவானே."

பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் எதையும் எடுக்கக் கூடாது, மகன் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கையில் எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜாசின் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருந்த தமிழ்ப் பெண்தான் வழி சொன்னாள். "ஆன்ட்டி, எந்த பட்டன அமுக்கினாலும் எடுக்கற மாதிரி இதுல செட்டிங் இருக்கு. போட்டுக் குடுக்கறேன். சிவப்ப மட்டும் தொடாதீங்க." சத்தத்தையும் கூட்டிக் கொடுத்தாள். "காசு டாப்-அப் பண்றத மட்டும் விட்டுடாதீங்க. ரொம்ப நாள் போடலன்னா நம்பர் செத்துடும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்பரும் சாவுமா?"

"அதெல்லாம் நான் போட்டுடறேன்க்கா" என்று சொல்லிக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து டாப்-அப் நினைப்பு கேஸ் நினைப்போடு சேர்ந்துகொண்டது.

அந்த மாதமே ஒரு மணி வந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. வேலையிடத்தில் இருந்த எனக்குப் பக்கத்து வீட்டம்மா மூலம் செய்தி அனுப்பினாள். சாயங்காலம் போனபோது வாசலிலேயே நின்றாள், முகம் மலர்ந்திருந்தது. "அடிச்சான். இருக்கான்" என்றாள். மாமா சொல்கிற மாதிரியே சொன்னாள்.

எண்ணைப் பார்த்தேன். ஆறு அஞ்சு இல்லை. நான் பார்த்தே இராத ஏதோ எண். கடைக்காரப் பெண்ணிடம் காட்டினோம். "இது எங்கியோ ஆப்பிரிக்கா பக்கம் ஆன்ட்டி. ஏமாத்துக்காரனுங்க. ஒரு மணி அடிச்சிட்டு வச்சிடுவானுங்க. நீங்க திருப்பி அடிச்சீங்கன்னா காசு போயிடும்."

மகன்தான் என்று அக்கா நினைக்கிற அதே ஒரு மணி, ஏமாற்றுக்காரர்களுக்குத் தூண்டில். வேறு யாருக்கும் அது வெறும் தவறிய அழைப்பு. எங்களுக்கு அது பேச்சு.

திரும்பி வரும்போது அக்கா என் முதுகுக்குப் பின்னால் மோட்டாரில், டவுன் தாண்டும்வரை என் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "கப்பல் வேலைக்குப் போயிருப்பானோ? அதான் அவ்வளவு தூரத்துல இருந்து வருது" என்றாள். ஹெல்மெட்டுக்குள் காதில் விழாத மாதிரி ஓட்டினேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு. அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி முட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. மணி பாதி அடிப்பதற்குள் அவள் கை அதன்மேல் விழுந்துவிட்டது. அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"வச்சிடாதப்பா" என்றாள். "வச்சிடாத. அம்மா பேசறேன். அப்பா தவறிட்டாருப்பா. அப்பா இல்லப்பா. நீ வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது: லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், தூரத்தில் யாரோ ஏதோ கத்துவது. பேசியவர் யாருமில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மறுபடி, "அப்பா தவறிட்டாருப்பா" என்றாள். அழைப்பு நின்றது.

எண்ணைப் பார்த்தேன். ஆறு அஞ்சு. நானே வைத்த சட்டத்தை மறந்து என் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தேன். முதல் தடவை மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த தடவை அடைத்துவிட்டார்கள்.

"அவன்தான். அவன் மூச்சு எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா. கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைக்கப் போய் வெங்காயம் இன்னும் எரித்தது. "இப்ப அடிக்காத. அழுதுக்கிட்டு இருப்பான். அழுது முடிச்சிட்டு வருவான்."

அது அவனாக இருக்கலாம். தமிழ் புரியாத எவனோ தவறாக அடித்துவிட்டு, ஒரு பெண் கதறுவதைக் கேட்டுத் திகைத்து நின்றதாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மணிகூட சிங்கப்பூரிலிருந்து வரவில்லை.

படுத்தால் எனக்கு அந்த நினைப்புதான். அந்த மணி அப்பாவுக்கு அடிக்கப்பட்டது. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகு யாருக்கு அடிப்பான்? எடுக்காமலே விட்டிருந்தால் அவள் இன்னும் பல வருடங்கள், "இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டிருப்பாளோ? இதை அக்காவிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

தலைத் திவசத்தைக் கோலா சுங்கை பாரு கடற்கரையில் செய்தோம். மாமாவின் சாம்பலைக் கரைத்த இடம் அது. தம்பி மகன்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அக்கா கடலைப் பார்க்கவில்லை, கார்கள் வந்து நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கார் வந்தாலும் கழுத்து நீண்டது. எல்லாம் முடிந்து இலையைத் தண்ணீரில் விட்ட பிறகும், "கொஞ்சம் இருங்க" என்றாள். கொஞ்சம் இருந்தோம். அலை காலுக்கு வந்ததும் கிளம்பினோம்.

போன மாதம் நான் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு மத்தியானம் கைப்பேசி அடித்தது. தெரியாத உள்ளூர் எண். நான் பிடுங்குவதற்குக் கையை நீட்டினேன். அவள் அதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா தவறிட்டாருப்பா. வீட்டுக்கு வா" என்றாள்.

ஹலோகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆண் குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, மலாயில் பார்சல் ஒன்று பிடிபட்டிருக்கிறது என்று தொடங்கியது. ஐசி நம்பர் கேட்டது. அக்கா, "தாக் போலே" என்று முடியாது என்பதை மலாயிலேயே சொல்லிவிட்டுச் சிவப்பை அமுக்கினாள். நான் சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் மறக்கவில்லை.

"இவன் இல்ல" என்றாள்.

"அக்கா, கூப்பிடறவன்கிட்ட எல்லாமா இதச் சொல்ற?"

"ஆமா. இன்சூரன்ஸ் விக்கறவன், கடன் வேணுமான்னு கேக்கறவன், எல்லார்கிட்டயும். ஒரு மலாய்க்காரப் பொண்ணு, தமிழ் புரியல, நான் அழறது மட்டும் கேட்டிருக்கு. அவ ஒண்ணும் விக்காம மெதுவா வச்சிட்டா."

"வீட்ல ஆம்பள இல்லன்னு ஊருக்கே தெரியப்படுத்தற. ஆபத்துக்கா."

அவள் கைப்பேசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அடிச்சது அவன் இல்லன்னா?" என்றாள். "அவனுக்கு இன்னும் தெரியாமலே இருந்தா? எதுல இருந்து அடிப்பான்னு எனக்கு என்னா தெரியும். நான் சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லிடணும். அப்புறம் வச்சா வச்சிட்டுப் போவட்டும்."

மூச்சு அவனுடையதுதான் என்று அத்தனை உறுதியாகச் சொன்னவளுக்கும் உறுதியில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது டவுனில் இறங்கி அவள் எண்ணுக்கு டாப்-அப் போட்டேன்.