புளி இல்லாத வீடு

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் போனபோது எனக்கு நாற்பத்தொரு வயது. பால் பாக்கெட்டைக்கூட குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்காதான் வெட்டிக் கொடுப்பார். ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் விழுங்கினேன். வாயெல்லாம் கசப்பு, எப்போதும் குமட்டல்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. உடன் வேலை பார்த்த ஒருவருக்குப் புளியையும் தக்காளியையும் விட்டதும் முழங்கால் வலி போய்விட்டதாம். அதைக் கேட்டுவிட்டு வந்தவர், "கொஞ்ச நாளைக்கு மாத்திரைய நிறுத்திப் பாப்போமா?" என்றார். எனக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து புளி, தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எதுவும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. புளிக்குழம்பு என்றால் இன்னொரு தட்டு சோறு கேட்கிற மனிதர், சீரகம் போட்ட பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அவருக்குத் தனியாக வைக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை.

"நீ சாப்பிடாதத நான் மட்டும் சாப்பிட்டா எனக்கு எப்படி இறங்கும்?"

சில நாள் வலி குறைந்ததுபோல இருந்தது. அந்தச் சில நாட்களை நம்பியே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டோம். விரல்கள் மெல்லச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தன. தாலிச் சங்கிலியின் கொக்கியை மாட்ட முடியாமல் நான் அழுத அன்றுதான் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம்.

அங்கிருந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தார்.

"மீன், கீரை, காய்கறி எல்லாம் நல்லதுதாங்க. ஒத்துக்காதத விடறதும் தப்பில்ல. ஆனா சாப்பாடு மருந்துக்குத் துணைதான். மாத்திரைய நிறுத்தாம இருந்திருந்தா கை இவ்வளவு கோணியிருக்காது."

"இனிமே நேராகுமாங்க?" என்று இவர் கேட்டார்.

"இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் குள்ளஞ்சாவடி தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"நானும்தானே சரின்னு சொன்னேன்."

அது அவர் காதில் ஏறவே இல்லை.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, முள் எடுத்து என் தட்டில் போடுகிறார். போடும்போது தட்டை மட்டுமே பார்க்கிறார். என் கையை அவர் நேராகப் பார்த்து நாளாகிவிட்டது.