என் நடுக்கத்துக்கு வந்த எலுமிச்சம்பழங்கள்

அன்று என் வீட்டுக்குள் புகுந்த மூன்று பேரும் முதலில் கேட்டது சோறு. நான் போட்டேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருவது அவர்கள் கையில் இருந்த கரும்பு வெட்டும் கத்தியை நினைத்து அல்ல. ஊறுகாய் வேண்டுமா என்று நானே கேட்டேனே, அதை நினைத்துத்தான்.

எங்கள் தீவின் தலைநகரான சூவாவில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்து, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தாரின் வீடுகளில் புகுந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்த சமயம். ட்ராசாவில் எங்கள் வீடு கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. நான் லௌடோகாவில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அன்று சனிக்கிழமை, பட்டப்பகல். கணவர் தோட்டத்தின் மறுகோடியில் இருந்தார். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், ரேடியோவையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வெளியேறியவன் வாசலில் திரும்பி, தீவின் பூர்வகுடிகள் மொழியில் 'வினாகா' என்று நன்றி சொன்னான். நான் சிரித்தேன். ஆமாம், பல் தெரியச் சிரித்தேன். தூ!

அவர்கள் கைவிட்டு அள்ளிய குழம்புச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மணல் போட்டுத் தேய்த்தேன். வாடை போகவில்லை. கடைசியில் கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தேன். அதற்குப் பிறகு நாய் குரைத்தால் போதும், தோளிலிருந்து விரல் வரை உதறும். அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நான்கு முறை தப்பும் தவறுமாக அடித்தேன். மேலதிகாரி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த நர்ஸ் ஒருத்திதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் புத்திக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியவில்லை, அது இன்னும் அந்தச் சனிக்கிழமையிலேயே நிற்கிறது என்றாள். மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் யாரிடமாவது சொல் என்றாள்.

யாரிடம் சொல்வது? கணவரிடம் ஆரம்பித்தேன். அவர் சாயங்காலமானால் மூன்று நண்பர்களோடு நங்கோனா கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார். வேரை இடித்துக் கரைத்த சேற்றுநிறத் தண்ணீர் அது. கை தட்டுவார்கள், குடிப்பார்கள், துப்புவார்கள், மறுபடியும் கை தட்டுவார்கள். குடித்துக் குடித்து அவர் தோல் செதில் செதிலாக உரிந்தது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் பொடியாகக் கொட்டும். பக்கத்தில் படுக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அத இப்ப எதுக்குக் கெளறுற? உயிரோட இருக்கியே, போதாதா?" என்றார். கிண்ணத்தைச் சுற்றியிருந்த மூன்று தலைகளும் ஆமாம் என்று ஆடின. மனபாரத்தைத் தாங்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, வாயை மரத்துப்போக வைப்பது.

கணவரின் அக்காவுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என்னை மாரியம்மன் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பூசாரி உடுக்கை அடித்தார். வெளியே ஒரு நாய் குரைத்தது. எனக்கு உதற ஆரம்பித்தது.

"ஆத்தா வந்துட்டா!" என்று நாத்தனார் கத்தினார்.

என் தலையில் மஞ்சத்தண்ணியை ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள், சனம் காலில் விழுந்தது. அது ஆத்தா இல்லை என்று எனக்குத் தெரியும். நர்ஸ் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் அன்றுதான் யாருக்கும் ஒளிக்காமல் நடுங்கினேன். 'சும்மா இரு' என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே போனேன்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. ஆத்தாவிடம் குறி கேட்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். இளசுகளுக்குத் தமிழ் வராது, ஆத்தாவிடமோ தமிழில்தான் பேச வேண்டும். அவர்கள் இந்தியில் கேட்பதை நாத்தனார் தமிழில் எடுத்துச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். விசா கிடைக்குமா? கனடாவா, ஆஸ்திரேலியாவா? ஊரே ஓடப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடும் திசையைச் சொல்ல ஒரு டைப்பிஸ்ட்! எனக்கு அது பிடித்துப்போயிற்று. பதில் சொல்லும்போது கை நடுக்கம் நின்றது. என்னைப் பார்த்து இன்னொருத்தர் பயப்படுவது மருந்து மாதிரி வேலை செய்தது.

அடுத்த தோட்டத்துக்காரி இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தாள்.

"தாயே, நியூசிலாந்து கெடைக்குமா? மாட்ட வித்துட்டு நெலத்த வுட்டுடவா?"

"கெடைக்கும். வித்துடு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர்கள் மாடுகளை விற்றார்கள். குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகாசியில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். நியூசிலாந்து முடியாது என்று சொல்லிவிட்டது. சேதி வந்த வாரம் கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். வயிற்றுவலி என்று சாக்கு சொன்னேன். நாங்களும் கனடாவுக்கு எழுதிப் போட்டிருந்தோம். எங்கள் காகிதம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

புறப்பட இன்னும் ஒரு வாரம். அந்தத் தோட்டத்துக்காரியிடம் உண்மையைச் சொல்லாமல் விமானம் ஏறினால் அந்த ஊறுகாயோடு இதையும் சேர்த்துச் சாகும்வரை மென்றுகொண்டிருக்க வேண்டும். கணவர் போகாதே என்றார். நாத்தனார், சாமி குத்தம் ஆகிவிடும் என்றார். பஸ் ஏறினேன்.

நகாசி அறையில் தையல் மிஷினும் ஒரு கட்டிலும்தான் இருந்தன. அவள் என்னைத் திட்டவில்லை. பக்தியோடு டீ போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"அது ஆத்தா இல்லம்மா. பயம். தெரிஞ்சேதான் உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று பேர், கத்தி, சட்டி, ஊறுகாய், சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் யார் குடியைக் கெடுத்தேனோ அவளிடமே போய்க் கொட்டினேன்.

அவள் தன் டீயைக் கையில் எடுத்தாள். கோப்பை சாஸரில் கடகடவென்று அடித்துக்கொண்டது, டீ மடியில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

"எங்க வூட்டுக்கும் வந்தானுவ அக்கா. அதே சனிக்கெழம. எனக்கும்தான் இப்பிடி நடுங்குது. எனக்கு ஒருத்தரும் எலுமிச்சம்பழம் கொண்டாரல."